பசித்த ஈயும் பத்தாம் வகுப்பும்

கேள்வி: பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் கல்வியும் ஒன்று. ஆனால் ஈக்களைப் பட்டினி போட்டால் ஞாபகசக்தி கூடுவதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பத்தாம் வகுப்பில் இருக்கும் என் மகனை வெறும் வயிற்றோடு படிக்கச் சொல்லலாமா?

பதில்: உங்களுக்கு வந்தது பொய்யில்லை, பாதி. 2013 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் பழ ஈக்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாவதை ஃபார்வர்ட் செய்தவர் முந்தைய பக்கத்தைப் புரட்டவில்லை.

ஒரு மணத்தைக் காட்டிக்கொண்டே ஈக்கு மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். மறுநாளும் அது அந்த மணத்தைக் கண்டு ஒதுங்க வேண்டுமானால், இடைவெளி விட்டுவிட்டுப் பல தடவை பயிற்சி தர வேண்டும். சுமார் 16 மணி நேரம் வரை பட்டினி கிடந்த ஈக்கு ஒரே தடவை போதும் என்றது டோக்கியோ குழு. உங்கள் வாட்ஸ்அப் செய்தி இதுதான். ஈயின் ஆயுளே இரண்டு மாதம் சொச்சம், அதன் 16 மணி நேரத்தை உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள்!

பட்டினி இன்னும் நீண்டால் கதை மாறுகிறது என்றது முதல் கட்டுரையை எழுதிய பாரிஸ் குழு. நீண்டகால நினைவைப் பதிக்க மூளை புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டும், அது செலவு பிடிக்கிற வேலை. கையில் காசில்லாத குடும்பத்தலைவி மாதிரி, ஈயின் மூளை அந்தச் செலவை நிறுத்திவிடுகிறது. அந்தக் குழு அதோடு சும்மா இருக்கவில்லை. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் குறிப்பிட்ட நரம்பு செல்களைச் செயற்கையாகத் தூண்டி, பட்டினி ஈக்களைக் கட்டாயமாக நினைவில் வைக்கச் செய்தது. வைத்தன. ஆனால் மற்ற பட்டினி ஈக்களைவிடச் சீக்கிரம் செத்தன.

பாடம் சர்க்கரையைப் பற்றியது என்றால் மட்டும் சிக்கனம் கிடையாது. மணத்தோடு சர்க்கரையை இரண்டே நிமிடம் காட்டினால் போதும், பசித்த ஈ மறுநாளும் அந்த மணத்தைத் தேடிப் போகும். வயிறு நிரம்பக் கொடுத்துவிட்டுச் சோதித்தால் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். சரி, மறந்துவிட்டது போல என்று நினைத்து மறுபடி பட்டினி போட்டால், பழைய மணத்துக்கே ஓடும்!

ஆக, பசித்த ஈக்கு நன்றாக மனப்பாடமாவது சாப்பாடு கிடைக்கும் விலாசம். உங்கள் மகனின் பாடத்திட்டத்தில் அது இல்லையே? நாலு இட்லி கொடுத்து உட்காரவையுங்கள்.