“நான் அப்படிச் சொல்லவே இல்லை”: வேட்பாளர் பேச்சும் செய்தி டெஸ்க்கும் – கேள்வி பதில்

இருபது ஆண்டுக்கும் மேல் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து, தலைவர்கள் பேசியதை வெட்டி, சுருக்கி, மொழிபெயர்த்துப் பிழைத்தவள் நான். வேட்பாளர் எதையாவது சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளும்போது ஊடகங்கள் என்ன செய்கின்றன, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். திட்டு மட்டும் இருந்தவற்றைப் படித்தேன், பதில் எழுதவில்லை.

கே: அக்கா, ஒரு மணி நேரம் பேசினதுல பத்து விநாடிய மட்டும் வெட்டிப் போடுறீங்களே, இது அயோக்கியத்தனம் இல்லையா?

ப: வெட்டாமல் செய்தி கிடையாது. ஒரு மணி நேரப் பேச்சை அப்படியே போட்டால் பேசியவர் வீட்டிலேயே பார்க்க மாட்டார்கள். கத்தி எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “அசுவத்தாமன் இறந்தான்” என்பது கேட்டது, அது யானை என்பது சங்கொலியில் அமுங்கியது. துரோணருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கிளிப்தான்.

நம் காலத்தில் இதற்கு நல்ல உதாரணம் 2012 அமெரிக்கத் தேர்தல். ஜூலை 13 அன்று வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் ஒபாமா பேசுகிறார். சாலைகளும் பாலங்களும் பொதுப்பணத்தில் வந்தவை என்று சொல்லிக்கொண்டே வந்து, “உங்களுக்கு ஒரு தொழில் இருக்கிறதென்றால், அதை நீங்கள் கட்டவில்லை” என்றார். அந்த ‘அதை’ எதைக் குறிக்கிறது? முந்தைய வாக்கியத்தோடு சேர்த்துக் கேட்டால் சாலையும் பாலமும். தனியாகக் கேட்டால், வியர்வை சிந்தித் தொழில் வளர்த்தவனைப் பார்த்து ‘உன் உழைப்பு ஒன்றுமில்லை’ என்பது போல இருக்கும். எதிர்க்கட்சி தன் மாநாட்டில் “நாங்கள்தான் கட்டினோம்” என்று முழக்கமே வைத்துவிட்டது. இதே சங்கடம் அந்தப் பக்கமும் வந்தது. 2024 மார்ச்சில் ஓஹையோவில் டிரம்ப், தான் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் ‘ரத்தக்களரி’ ஆகும் என்றார். வெளிநாட்டுக் கார்கள் மீதான வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வந்த சொல் அது. பல தலைப்புகளில் கார் காணாமல் போனது, ரத்தம் மட்டும் மிச்சம். கார் தொழிலைத் தாண்டியும் அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறதா? இருக்கலாம். அதை வாசகர் முடிவு செய்யவாவது காரைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் பழக்கம் இது: பிரச்சினையான வாக்கியத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வாக்கியம் கையில் இல்லாமல் தலைப்பு வைக்க மாட்டேன். அது, இது, அவங்க, இவனுங்க என்று வந்தால் யாரைச் சொன்னார் என்று ரிப்போர்ட்டரைக் கூப்பிட்டுக் கேட்பேன். பாதிப் பிரச்சினை சுட்டுப்பெயரில்தான் ஒளிந்திருக்கிறது.

கே: மாட்டிக்கிட்ட எல்லாருமே “என் பேச்சைத் திரிச்சுட்டாங்க”ன்னுதான் சொல்றாங்க. யார் சொல்றது நிஜம்னு எப்படித் தெரியும் மேடம்?

ப: முழுப் பதிவை யார் தேடுகிறார்கள் என்று பாருங்கள். நிஜமாகவே திரிக்கப்பட்டவர் “முழுசாப் போடுங்க” என்று அவராகவே வீடியோவை நீட்டுவார். மற்றவர்கள் ‘திரித்துவிட்டார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எதைத் திரித்தார்கள், சொன்னது என்ன என்று கேட்டால் கார் கதவு சாத்தப்படும்.

அதே 2012 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 மே 17 அன்று ஃபுளோரிடாவில் நன்கொடையாளர்களுக்கான தனிக் கூட்டத்தில் பேசினார். 47 சதவீதம் பேர் என்ன ஆனாலும் ஒபாமாவுக்குத்தான் போடுவார்கள், அரசை நம்பி வாழ்கிறவர்கள், வருமான வரி கட்டாதவர்கள் என்றார். ரகசியமாக எடுத்த வீடியோவை ‘மதர் ஜோன்ஸ்’ இதழ் செப்டம்பர் 17 அன்று வெளியிட்டது. ராம்னி அன்றிரவே, நேர்த்தியாகச் சொல்லவில்லை என்றார். கவனியுங்கள்: சொன்ன விதம்தான் சரியில்லை, சொன்னது சரிதான் என்று அதற்கு அர்த்தம். பிறகு நீளமான பதிவும் வந்தது. அதைப் பார்த்தும் பொருள் மாறவில்லை. அக்டோபர் 4 அன்றுதான் “முற்றிலும் தவறு” என்று ஒப்புக்கொண்டார்.

இதில் நல்ல ஊடகங்கள் செய்த வேலை வேறு. ‘சொன்னார், கண்டித்தார்கள்’ என்று நிறுத்தாமல் அந்த 47-ஐ எடுத்துச் சோதித்தார்கள். மத்திய அரசின் வருமான வரி கட்டாதவர்கள் ஏறக்குறைய அந்த அளவு இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சம்பளத்திலிருந்து வேறு வரி கட்டினார்கள், பலர் ஓய்வு பெற்ற முதியவர்கள், எல்லோரும் ஒரே கட்சிக்காரர்களும் அல்ல. எண் சரி, அதை வைத்துக் கட்டிய கதைதான் தப்பு. கடைசியில் ராம்னி வாங்கிய வாக்கும் 47 சதவீதம். இப்படி ஒரு முடிவை நாங்கள் எழுதியிருந்தால் எடிட்டர் அடித்திருப்பார்.

கே: எதுக்கெடுத்தாலும் ‘சர்ச்சைப் பேச்சு’ன்னு போடுறீங்களே?

ப: எனக்கும் எரிச்சலூட்டும் சொல் அது. சோம்பேறி சப் எடிட்டரின் ஊன்றுகோல். பேசியது பொய்யா, அவதூறா, மிரட்டலா, ஒரு சமூகத்தின் மீது ஏவிவிடுவதா, அல்லது சிலருக்குப் பிடிக்காத நியாயமான கருத்தா? ஐந்துக்கும் ஒரே பெயர் வைத்தால் கடைசி ஆள் முதல் ஆளோடு சேர்ந்து அடி வாங்குவார்.

2012 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட டாட் அகின், வன்புணர்வு ‘உண்மையானதாக’ இருந்தால் கருத்தரிக்காமல் தடுக்கப் பெண் உடலுக்கு வழி இருக்கிறது என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். இதைச் ‘சர்ச்சைக்குரிய கருத்து’ என்றால், இரண்டு பக்கமும் வாதம் இருப்பது போல ஆகிவிடும். மருத்துவ ரீதியில் அது பொய். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே மறுத்தது. தலைப்பிலேயே அதைச் சொல்ல வேண்டும். அகின் தோற்றார் என்பது வேறு விஷயம். ஜெயித்திருந்தாலும் பொய் பொய்தான்.

கே: மைக் ஆன்ல இருக்கறது தெரியாம பேசினதையும் போடலாமா? நமக்குன்னு ஒரு அந்தரங்கம் கிடையாதா சார்?

ப: சார் இல்லை, பரவாயில்லை. இதற்கு எனக்கே இரண்டு மனசு. 2010 ஏப்ரல் 28, ராச்டேல் நகரில் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் ஒரு முதிய பெண் வாக்காளரிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் ஸ்கை நியூஸின் மைக் கழற்றப்படாமல் இருந்தது. உதவியாளரிடம் அந்தப் பெண்ணைக் காழ்ப்பு கொண்டவர் என்று திட்டினார். வெளியிட்டது சரி என்பேன். முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டியது. ஆனால் அன்று முழுக்க அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் கேமராக்கள் முண்டியடித்தன. தேர்தலில் நின்றது அவரா? அந்தத் தொகுதியில் பிரவுனின் கட்சியே ஜெயித்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். டிவி சத்தமும் ஓட்டுப் பெட்டியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

மனைவியிடம் பேசிய போன் பேச்சு, மகனின் கல்யாணச் சண்டை என்றால் தொட மாட்டேன்.

கே: மொழிபெயர்ப்புல பிரச்சினை வருமா?

ப: வரும். நானே செய்திருக்கிறேன். ஒரு வேட்பாளர் “தேர்தல் முடியட்டும், பார்த்துக்கறோம்” என்றார். ரிப்போர்ட்டர் தட்டச்சு செய்து அனுப்பியதை நம்பி ஆங்கிலப் பதிப்புக்கு மிரட்டலாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மறுநாள் ஆடியோ கேட்டேன். குடிநீர் வரவில்லை என்று அழுத ஒரு பாட்டியிடம் ஆறுதலாகச் சொன்னது அது. தமிழில் பார்த்துக்கறோம் என்றால் காப்பாற்றுவதும் உண்டு, கவனித்துவிடுவதும் உண்டு. குரல்தான் சொல்லும். திருத்தம் போட்டோம், உள்பக்கத்தில், தீக்குச்சி அளவில். மிரட்டல் முதல் பக்கத்தில் வந்திருந்தது. இன்றும் உறுத்துகிறது.

கே: ஒரே கிளிப்பை நாள் முழுக்க ஓட்டுறாங்களே?

ப: 2004 ஜனவரி 19, அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டியில் அயோவா மாநிலத்தில் மூன்றாம் இடம் வந்த ஹோவர்ட் டீன் தொண்டர்களை உற்சாகப்படுத்தக் கத்தினார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது கூட்டத்தின் இரைச்சலில் கரைந்த சத்தம். டிவிக்குப் போன மைக் கூட்டத்தின் ஓசையை வடிகட்டிவிட்டதால், வெறி பிடித்தவர் தனியாக அலறுவது போல வந்தது. சில நாட்களில் நூற்றுக்கணக்கான முறை ஓட்டினார்கள். முதல் முறை செய்தி. ஐம்பதாவது முறை அது கேலி.

கே: நேர்ல பேட்டி எடுக்கறவங்க மடக்கிக் கேக்கணுமா, பவ்யமாக் கேக்கணுமா?

ப: பவ்யமாக இரண்டாவது தடவை கேட்க வேண்டும். 1976 அக்டோபர் 6 தேர்தல் விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் அமெரிக்க அதிபர் ஃபோர்டு. நியூயார்க் டைம்ஸின் மேக்ஸ் ஃபிராங்கல் சீறவில்லை, ‘நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா’ என்று கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார். ஃபோர்டு இன்னும் ஆழமாக இறங்கினார். வாய்தவறியதா, நம்பிச் சொன்னதா என்பது இரண்டாவது பதிலில்தான் தெரியும். நம் ஆட்கள் பலர் முதல் பதில் கிடைத்ததுமே ‘பிரேக்கிங்’ போட ஓடிவிடுகிறார்கள்.

கே: மன்னிப்புக் கேட்டுட்டா விட்டுடணும்தானே?

ப: “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு இல்லை, நிபந்தனை. சொன்னது தப்பு என்று சொன்னால் அதையும் அதே அளவில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கே: இந்தியாவில் சட்டம் என்ன செய்யும்?

ப: 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு மதம், சாதி, மொழி சொல்லி ஓட்டுக் கேட்பதையும், எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே பரப்புவதையும் முறைகேடு என்கிறது. தேர்தல் ஆணையம் பிரசாரத்துக்குத் தடை போடலாம். 2019 ஏப்ரலில் யோகி ஆதித்யநாத்துக்கு 72 மணி நேரம், மாயாவதிக்கு 48 மணி நேரம். நீதிமன்றம் தனி. ‘மோடி’ என்ற குடும்பப் பெயரை வைத்துப் பேசிய 2019 ஏப்ரல் 13 கோலார் பேச்சுக்காக, அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் இரண்டாண்டுத் தண்டனை விதித்தது, எம்.பி. பதவி போனது, ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகு திரும்ப வந்தது. தேர்தலன்று வாக்காளர் கையில் தீர்ப்பு இருக்காது, நாங்கள் எழுதியதுதான் இருக்கும்.

கே: நீங்க எந்தக் கட்சி?

ப: எங்கள் டெஸ்க்குக்கு வந்த வசவுக் கடிதங்களைக் கணக்கெடுத்தால் எல்லாக் கட்சியும்தான்.

கே: வாட்ஸ்அப்ல ஒரு வேட்பாளர் கிளிப் வந்திருக்கு. அனுப்பலாமா?

ப: எந்த ஊர்க் கூட்டம், எந்தத் தேதி என்று அதில் இருக்கிறதா? வாக்கியம் நடுவில் தொடங்குகிறதா? வாய் அசைவும் குரலும் ஒத்துப்போகிறதா? இவ்வளவு பார்த்த பிறகும் அனுப்பத் தோன்றினால், முழுப் பேச்சின் இணைப்பைத் தேடி அதை அனுப்புங்கள் தம்பி. பெரும்பாலும் தேடும்போதே கோபம் ஆறிவிடும்.