மெக்கானிக் பதில்கள்: எட்டு சிப்பும் புதுசு, மெமரி மட்டும் பழசு

கேள்வி: ஐயா, 1984-ல் பெரியப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 16கே கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். மெமரியை 48கே ஆக்க எட்டு 4164 மெமரி சிப்பும், கூடவே வேண்டிய நான்கு சிறு சிப்பும் வாங்கி நானே சால்டர் செய்தேன். ஆன் செய்தால் 1982 சின்க்ளேர் என்ற வரி ஒழுங்காக வருகிறது. பெரிய கேம் போட்டால் ‘ரேம்டாப் நோ குட்’ என்று நின்றுவிடுகிறது. எட்டையும் கழற்றி வேறு போடட்டுமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அயர்னைக் கீழே வையுங்கள் தம்பி. அந்தப் போர்டில் ஒரு சிப்பை இரண்டு முறை கழற்றினால் செம்புப் பட்டையே உரிந்து வந்துவிடும். அப்படி ஒன்றை உரித்தவன் சொல்கிறேன்.

முதல் வரி வந்ததை வைத்து ஏமாறாதீர்கள். ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் மெமரி முழுக்க 2 என்ற எண்ணை எழுதி, கீழிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். தப்பு கண்ட இடத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டு, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 16கே-யாகவே வேலையைத் தொடங்கிவிடும். பெரிய கேம் அதற்கு மேல் இடம் கேட்டதும்தான் ‘ரேம்டாப் நோ குட்’. எங்கே நின்றது என்று கேட்க இதைத் தட்டுங்கள் (பீக் என்றால் மெமரியில் அந்த இடத்து எண்ணைப் படி, போக் என்றால் அங்கே எழுது): பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. 65535 வந்தால் 48கே. உங்களுக்கு 32767, அதாவது 16கே-தான் வரும், பந்தயம்.

அடுத்து போக் 40000,0 போட்டு, பிரிண்ட் பீக் 40000 கேளுங்கள். 0-தான் வரவேண்டும். 8 வந்தால் கோளாறு நான்காவது சிப்பில், அதாவது போர்டில் ஐசி 18. ஐசி 15 முதல் 22 வரை ஒவ்வொரு சிப்பும் எண்ணின் ஒரு பிட்டை (0 அல்லது 1) வைத்திருக்கும்; அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16 என்று போய் 128-ல் முடியும். 255 வந்தால் எட்டுமே பேசவில்லை என்று அர்த்தம். எட்டும் ஒரே நாளில் சாகாது. அந்த நான்கு சிறு சிப்பைப் பாருங்கள்: இரண்டு 74எல்எஸ்157, ஒரு 74எல்எஸ்32, ஒரு 74எல்எஸ்00. ஏதாவது ஒன்று தலைகீழாக இருக்கலாம், ஒரு கால் மடங்கி உள்ளே போயிருக்கலாம். 1988-ல் எனக்கு மடங்கிய கால்தான். (அந்தச் சிப்புகளைக் கறுப்புப் பஞ்சில் குத்திக் கோவையிலிருந்து கொண்டுவந்தபோது, வேலந்தாவளம் செக்போஸ்டில் மருந்தா என்று கேட்டார்கள்.)

கம்பி இணைப்பு ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கம்பெனி போட்டது 4532 என்ற மெமரி சிப்; பாதி கெட்ட 64கே சிப்பில் நல்ல பாதியை மட்டும் எடுத்து விற்றது. எந்தப் பாதி என்று சொல்லத்தான் அந்தக் கம்பி. உங்கள் 4164-ல் இரண்டு பாதியும் நல்லதுதான், ஆனாலும் கம்பியை ஏதாவது ஒரு பக்கம் போட்டே ஆகவேண்டும். விட்டால், மெமரியில் எந்த இடம் என்று சிப்புக்குச் சொல்லும் முகவரிக் கோடு ஒன்று அந்தரத்தில் ஆடும்.

65535 வந்த பிறகும் போக் 40000,255 போட்டு, பீக்கில் அதே 255 வருகிறதா என்று பாருங்கள். எழுதிச் சோதிப்பது வெறும் 2 என்பதால், மேல் ஆறு பிட்டில் ஒன்று 0-லேயே செத்துக் கிடந்தாலும் ஆரம்பச் சோதனையில் பாஸாகிவிடும். கேம் பாதியில் தொங்கும்போதுதான் தெரியும்.

அப்புறம், மிச்சமிருக்கும் 4164-ஐப் முதல் 16கே-க்கான பழைய 4116 சிப்புகள் இருக்கும் வரிசையில் போட்டுவிடாதீர்கள். அங்கே எட்டாவது காலில் 12 வோல்ட். உங்கள் சிப்புக்கு அதே காலில் 5 வோல்ட்தான் தாங்கும்.

கேள்வி: என்னிடமும் அதே ஸ்பெக்ட்ரம்தான். பழைய அடாப்டர் போய்விட்டது. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர் போடலாமா?
- வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: போடலாம், 1.4 ஆம்பியராவது தரவேண்டும். ஆனால் இதற்கு நடுமுனைதான் மைனஸ். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நடுவில் பிளஸ். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.