வென்டிலேட்டரில் இருக்கும் தந்தைக்கு ஏழாம் நாளிலேயே டிராக்கியாஸ்டமி கேட்கிறார்கள். இது அவசரமா, தாமதமா?

நிமோனியாவால் ஐசியூவில் இருக்கும் 63 வயதுத் தந்தைக்கு வாய்வழிக் குழாய் போட்டு ஏழு நாட்கள் ஆகின்றன என்றும், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் டிராக்கியாஸ்டமிக்கு ஒப்புதல் கேட்கிறார்கள் என்றும், உறவினர்களில் ஒருவர் மூன்று வாரம் பொறுக்கச் சொல்ல மற்றொருவர் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மயக்கவியல் மருத்துவர். பதினெட்டு ஆண்டுகளாக ஐசியூவில் பணிபுரிகிறேன். உங்கள் தந்தையைப் பார்க்காமல் அவருக்கு இது வேண்டுமா என்று சொல்ல இயலாது; நாள் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூன்று வாரம் என்பது 1989-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று தந்த கணக்கு. வென்டிலேட்டர் பத்து நாட்களுக்குள் போதும் என்று தோன்றினால் வாய்வழிக் குழாய், 21 நாட்களைத் தாண்டும் என்று தோன்றினால் டிராக்கியாஸ்டமி என்றார்கள். அது பெரும்பாலும் அனுபவத்தில் சொன்ன கருத்து. ஊசி, கம்பி, விரிப்பான் ஆகியவற்றைக் கொண்டு படுக்கையருகிலேயே செய்யும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் சியாக்லியா 1985-இல் வெளியிட்டிருந்தார். அது பரவப் பரவ, நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் சிரமம் குறைந்தது, சீக்கிரமே செய்துவிடலாமே என்ற ஆசையும் கூடியது. 2004-இல் அமெரிக்காவில் 120 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது: 48 மணி நேரத்துக்குள் செய்தவர்களில் இறப்பு சுமார் 32 சதவீதம், இரண்டு வாரம் காத்தவர்களில் 62. எங்களில் பலர் அதை அப்படியே நம்பினோம்.

பிறகு பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த டிராக்மேன் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நான்கு நாட்களுக்குள் செய்த குழுவுக்கும், பத்து நாட்கள் காத்து அப்போதும் தேவைப்பட்டால் மட்டும் செய்த குழுவுக்கும் 30 நாள் இறப்பு ஏறத்தாழ ஒன்றே: 30.8, 31.5 சதவீதம். மயக்க மருந்து முதல் குழுவுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது உண்மை. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் வேறு. காத்திருந்த குழுவில் 45 சதவீதத்தினருக்கு மட்டுமே கடைசியில் அந்தத் துளை போடப்பட்டது. மற்றவர்களில் பலர் அதற்குள் தாமாக மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள், சிலர் இறந்திருந்தார்கள். யார் நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருப்பார் என்று நான்காம் நாளில் கணிப்பதில் நாங்கள் அவ்வளவு திறமைசாலிகள் அல்லர்.

இதை நான் அந்த ஆய்வுக்கு முன்பே கற்றிருக்க வேண்டும். ஐந்தாம் நாளில் ஒருவருக்கு நானே வற்புறுத்தி நேரம் குறித்தேன், மகனும் கையெழுத்திட்டுவிட்டார். அன்று மாலை அவசர நோயாளிகள் இருவர் வந்ததால் அது மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. காலையில் செவிலியர் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தபோது அவர் கண்ணைத் திறந்து, கையைப் பிடிக்கச் சொன்னதும் பிடித்தார். சளி உறிஞ்சும்போது பலமாக இருமினார். பிற்பகலில் குழாயை எடுத்துவிட்டோம். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

எல்லா நோய்க்கும் இதே பதில் பொருந்தாது. கழுத்துத் தண்டுவடம் மேல்பகுதியில் முறிந்தவருக்கும், நரம்புகள் பாதிக்கப்பட்டுத் தசைகள் வலுவிழக்கும் கில்லன்-பாரே நோயில் இருமும் வலுவே இல்லாதவருக்கும் வென்டிலேட்டர் பல வாரங்கள் தேவை என்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. கடும் பக்கவாதத்திலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். ஆனால் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 382 பேரிடம் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து நாட்களுக்குள் செய்ததால் ஆறு மாத நிலையில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆகவே ஏழாம் நாள் என்பதில் தவறும் இல்லை, அவசரமும் இல்லை. மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். தினமும் மயக்க மருந்தை நிறுத்தித் தாமாக மூச்சுவிட வைத்துப் பார்க்கிறார்களா, எதில் தோற்கிறார்? அடுத்த ஒரு வாரத்தில் குழாய் வெளியே வர வாய்ப்பு உண்டா? வென்டிலேட்டர் தரும் காற்றில் ஆக்சிஜன் இப்போது எத்தனை சதவீதம்? அது 60 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, அது சீராகும் வரை தள்ளிப்போடுவதே வழக்கம். சோதனையில் நாளுக்கு நாள் முன்னேறுகிறார் என்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மூன்று நான்கு நாட்கள் கேட்பேன். வாய்வழிக் குழாயால் தொண்டை கெட்டுவிடும் என்ற அச்சத்தில் அந்த நாட்களை இழக்க வேண்டியதில்லை.

குரல் போய்விடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழாயின் காற்றுப்பை ஊதியிருக்கும் வரை காற்று குரல்நாணை எட்டாது, உதடுதான் அசையும். தேறிய பின் காற்றுப்பையைத் தளர்த்தி, பேச்சு வால்வு மாட்டினால் பேசலாம். குழாயை எடுத்தபின் துளை பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். செய்வதென்று முடிவானால் முதல் வாரம் மட்டும் கவனம்: கழுத்துத் துளையின் பாதை உறுதிப்படாத அந்நாட்களில் குழாய் கழன்றால் திரும்ப வைப்பது கடினம், ஆகவே அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையை நீங்களாகச் செய்யாமல் செவிலியர் வரும்வரை பொறுங்கள்.