ஏழு மணி ஜெபத்தை நிறுத்தியது யார்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். சிஎஸ்ஐ சபையில் கமிட்டி மெம்பராக இருக்கிறேன். ஆட்சி மாற வேண்டும் என்று நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் வீட்டில் நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்தோம். 2024 ஜூன் 4 அன்று எங்கள் தொகுதியில் நாங்கள் நினைத்தவர் ஜெயித்தும் டெல்லியில் ஆட்சி மாறவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஏழு மணிக்கு டிவி விவாதம்தான். குடும்ப ஜெபம் நின்றுவிட்டது. 82 வயது அம்மா மட்டும் தன் அறையில் பாடி ஜெபித்துக்கொள்கிறார்கள். பதினேழு வயது மகள், ‘நான் ஓட்டே போட மாட்டேன்’ என்கிறாள். கிறிஸ்தவர்கள் இனி அரசியலைவிட்டு ஒதுங்கிவிடுவதுதான் நல்லதா?

பதில்: சகோதரரே, நீங்கள் எழுதியது நீளமான கடிதம். சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்திலும் டெல்லி இருக்கிறது, கூட்டணிக் கணக்கு இருக்கிறது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அதையும் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைவிட்டு நகரப்போவதில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் நூற்றுக்கணக்கான ஆலயங்கள் எரிந்தன. பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டத்தின் பெயரால் வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குள் போலீஸ் வருகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தோடு நீங்கள் செய்த முதல் காரியம் என்ன? ஏழு மணிக்கு பைபிளை மூடிவைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தீர்கள். எந்த அரசும் உங்கள் வீட்டு ஜெபத்தைத் தடை செய்யவில்லை. அதை நிறுத்தியவர் நீங்கள்.

உங்கள் அம்மாவின் வயதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள்மீது திருவிதாங்கூர்-கொச்சி அரசின் போலீஸ் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. பலர் செத்தார்கள். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதை வெற்றி விழாவாகத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். போராடியவர்களுக்கு அது பாதி ஏமாற்றம். இன்று கேரளத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரை கேட்டார்கள், அதுவும் இல்லை. போராட்டத்தின் முன்னணியில் நின்ற மார்ஷல் நேசமணி பள்ளியாடியில் பிறந்தவர், உங்களைப் போலவே கிறிஸ்தவர். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. அதற்குப் பிறகும் தேர்தலில் நின்றார், நாகர்கோவில் தொகுதியின் எம்.பி.யாக இருக்கும்போதே 1968-ல் இறந்தார்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கலவரம். அம்மாவுக்கு நாற்பது வயது, நீங்கள் சிறுபிள்ளை. அந்த மாதங்களில் இந்த மாவட்டத்தில் இந்துவும் கிறிஸ்தவனும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? அந்த ராத்திரிகளில் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் என்ன ஜெபித்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? 2002 அக்டோபரில் சென்னையிலிருந்தே கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. சபைகள் எதிர்த்தன, தெருவுக்கு வந்தன. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சி தோற்ற பிறகுதான் அந்தச் சட்டம் போனது. இடைப்பட்ட ஒன்றரை வருடமும் உங்கள் வீட்டில் ஏழு மணி ஜெபம் நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அம்மா விட்டிருக்க மாட்டார்.

இத்தனையையும் பார்த்தவர் இன்று தன் அறையில் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறார், சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தகப்பன் என்பவன் வீட்டில் ஜெபத்தை நடத்த வேண்டியவன் என்று நம்புகிறவள் நான். அம்மாவைத் தனியாகப் பாடவிட்டதற்கு எந்தத் தேர்தல் முடிவும் சமாதானம் ஆகாது.

மகள் ஓட்டுப் போட மாட்டேன் என்பதை அரசியல் வெறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறாள். நாற்பது நாள் உபவாசம் இருந்த அப்பா, ஒரே நாள் எண்ணிக்கையில் ஜெபத்தைக் கைவிட்டதைப் பார்த்தாள். கேட்டது கிடைத்தால் ஜெபம், கிடைக்காவிட்டால் டிவி. விதைத்ததைத்தானே அறுக்க முடியும்?

ஒதுங்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இதே தேர்தலில் மணிப்பூரில் வீடிழந்து நிவாரண முகாம்களில் இருந்தவர்களுக்காக அங்கேயே வாக்குச்சாவடி போட்டார்கள். முகாமில் இருந்துகொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். சொந்த வீட்டில், சொந்த ஊரில், நினைத்த வேட்பாளர் ஜெயித்த தொகுதியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒதுங்குவதைப் பற்றிப் பேசக் கூடாது.

2011 கணக்குப்படி உங்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், 49 சதவீதம் இந்துக்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் உங்கள் அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்க வாய் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதிகாரத்தில் இருக்கும் எல்லோருக்காகவும் ஜெபிக்கச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது ரோமில் இருந்தது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய நீரோவின் ஆட்சி. நாம் ஓட்டுப் போட்டவர் ஜெயித்தால் மட்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. பிரதமரின் பெயரைச் சொல்லி, அவர் நியாயமாக ஆள வேண்டும் என்று ஜெபியுங்கள். அநியாயம் நடந்தால் எதிர்த்து நில்லுங்கள், மனு எழுதுங்கள், வழக்குப் போடுங்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

சரி, இன்று என்ன செய்வது? ஏழு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போங்கள். அம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட வேண்டாம், மனைவி பிள்ளைகளோடு நீங்கள் அங்கே போய்த் தரையில் உட்காருங்கள். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், மகள் கேட்கும்படி. பாட்டை அவரே தொடங்கட்டும். அப்புறம் இந்த வாரமே மகளுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் 6-ஆம் எண் படிவத்தை வாங்கிக் கொடுங்கள். பதினேழு முடிந்திருந்தால் இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.