டுரியான் தோப்பில் எடுத்தால் டுரியான் தேன் ஆகுமா?

கேள்வி: பினாங்கு, பாலிக் புலாவில் டுரியான் தோப்புக்குள் 15 தேன்பெட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ரப்பர் மரங்களும் உண்டு. மார்ச்சில் அடையைப் பிழிந்து எடுத்த தேனை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நான்கு நான்காக ஒட்டிய பொடி மணிகள்தாம் நிறைய இருந்தன. 'டுரியான் பூத்தேன்' என்று லேபிள் ஒட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. அந்தப் பொடி மணிகள் பெரும்பாலும் தொட்டாற்சிணுங்கியின் மகரந்தம். தேனீ அந்தப் பூவுக்கு மகரந்தம் எடுக்கத்தான் போகும், தேனுக்கு அல்ல. அடையைப் பிழிந்ததில் மகரந்த அறைகளும் நசுங்கிக் கலந்திருக்கும். அடுத்த முறை மெழுகு மூடிய தேனறைகளை மட்டும் வெட்டிச் சொட்ட விடுங்கள். நுண்ணிய வடிகட்டியில் ஊற்றாதீர்கள், பெரிய மணிகள் அதிலேயே தங்கிவிடும்.

பிறகு 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றி வண்டலை அடியில் சேர்க்கும் கருவி) 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை இறுத்துவிட்டு, மறுபடி நீர்விட்டு 5 நிமிடம் சுற்றுங்கள். சும்மா வைத்துத் தெளியவிட்டால் பொடி மணிகள் மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு இறுத்தால் அவை நீரோடு போய்விடும், கணக்கு தவறும். அடியில் நிற்கும் வண்டலை ஸ்லைடில் பரப்பி உலர்த்தி, ஃபுக்ஸின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லி ஒரு சொட்டு வைத்து மூடி, 400 மடங்கில் பாருங்கள். கறுத்த விளிம்போடு உள்ளே வெறுமையாகத் தெரியும் வட்டம் காற்றுக்குமிழி, அதை எண்ண வேண்டாம்.

எந்தப் பூவின் தேன் என்று அறிய, குறைந்தது 300 மகரந்த மணிகளை வகை பிரித்து எண்ணுங்கள். 45 விழுக்காட்டுக்கு மேல் வருவது முதன்மை மகரந்தம், 16 முதல் 45 வரை இரண்டாம் நிலை. தொட்டாற்சிணுங்கி, புல், சோளம் போன்ற தேன் தராத செடிகளின் மணிகளைத் தனியே குறித்துவைத்து, மீதியை வைத்து மறுபடி விழுக்காடு போடுங்கள். அடையாளம் காண, தோப்பில் பூக்கும் ஒவ்வொன்றின் மகரந்தப்பையையும் தட்டி, பெயரும் தேதியும் எழுதிய ஸ்லைடு நீங்களே செய்துகொள்ளுங்கள். புத்தகப் படத்தைவிட இதுதான் கைகொடுக்கும்.

இவ்வளவு செய்தாலும் ரப்பர் பிடிபடாது. இலையுதிர்ந்து பிப்ரவரி, மார்ச் வாக்கில் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பியில் தேன் கசியும். அது பூவில் ஊறுவதல்ல, அதனால் மகரந்தமும் வராது. உங்கள் மார்ச் தேனில் அதுவே பெரும்பங்காக இருக்கலாம், ஸ்லைடில் சுவடே இராது. டுரியான் பூவோ சாயங்காலம் விரிந்து, இரவில் வௌவாலுக்குத் தேன் கொடுத்து, விடிவதற்குள் கேசரம் (மகரந்தம் தாங்கும் இழைகள்) உதிர்ந்துவிடும். பகலில் பறக்கும் உங்கள் தேனீக்கு அந்தியில் கிடைப்பது கொஞ்சம்தான்.

அதனால் லேபிளில் 'பாலிக் புலாவ் தோப்புத் தேன், மார்ச்' என்று மட்டும் போடுங்கள். ரப்பர் தளிர்க்கும் வாரங்களில் நிறையும் அடைகளைக் குறியிட்டுத் தனியே எடுத்து, அந்தத் தேனையும் ஒரு ஸ்லைடில் பாருங்கள்.