36 வாரம், 3.6 கிலோ: சுகர் பார்த்தாச்சா?
சகோதரி, 36 வாரத்தில் ஸ்கேன் 3.6 கிலோ காட்டுது, முதல் குழந்தையும் 4.1 கிலோ, மாமியார் "கொழுகொழுன்னு பிறக்கட்டும்"னு சந்தோஷப்படுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஸ்கேன் எடை கணிப்புதான், பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆனா சுகர் டெஸ்ட் பத்தி ஒரு வரிகூட இல்லையே?

75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரத்தில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைன்னு எடுத்துக்குவாங்க. அம்மாவோட சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தையே இன்சுலினை அதிகமாச் சுரந்து தோளிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்த்துக்கும். தலை வெளியே வந்தும் தோள் மாட்டுற ஆபத்து கூடுறது அதனாலதான்.

முன்னாடி நார்மல்னு வந்திருந்தாலும் இந்த வாரமே டாக்டர்கிட்ட மறுபடி பார்க்கணுமான்னு கேளுங்க. ஜூஸை நிறுத்துங்க, பட்டினி மட்டும் வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இருந்தா, பிறந்த குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை அளவு திடீர்னு இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கொடுங்க, குழந்தையோட குதிகால்ல குத்தி சுகர் பார்க்கவும் சொல்லுங்க.