அம்மா கட்டிலில், மகள் மகாலில்

கேள்வி: அம்மாவுக்கு மதுரையில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி 10 நாள் ஆகிறது. தெற்கு மாசி வீதிப் பக்கம் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறோம். மத்தியானத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் சித்தி பார்த்துக்கொள்கிறார். பழைய கட்டடம் என்றால் எனக்கு உயிர். ஆனால் வாசலைத் தாண்டினாலே, ‘அம்மா வலியில் கிடக்க, உனக்கு ஊர் சுத்தல் கேக்குதா?’ என்று மனசு குத்துகிறது. போகலாமா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: செருப்பை மாட்டிட்டுக் கிளம்புங்க தங்கச்சி.

எங்க அப்பா கொத்தனார். நாற்பது வருஷம் சாரம் ஏறி இறங்கினவர், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். பிசியோதெரபி தம்பி வந்தால் தூங்குகிற மாதிரி நடிப்பார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சிக்கும் மாத்திரைக்கும் அவரோடு மல்லுக்கட்டினேன். மூன்றாவது வாரம் என் தம்பி, “ஒரு மணி நேரம் எங்கயாவது போயிட்டு வாக்கா, ரெண்டு பேரு முகத்தையும் பார்க்க முடியல” என்று விரட்டினான். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன்.

திரும்பி வந்து, “தூணைக் கட்டிப்பிடிச்சுப் பார்த்தேம்ப்பா, பாதிகூட எட்டல” என்றேன். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது: “கல்லா, செங்கலா?”

“கல்லு மாதிரிதான் இருந்துச்சு.”

“போடி இவளே. நீ தொட்டது மேலே பூசின சுண்ணாம்பு.” கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலது கையைக் குவித்து, கட்டிலை ஒட்டிய சுவரில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் காட்டினார். “முட்டை வெள்ளைக்கரு ஊத்தினாங்கன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? அது மட்டும் போட்டா மினுக்கு வராது. பூச்சு இறுகுறதுக்குள்ள கூழாங்கல்லால தேய்க்கணும், தோள்பட்டை கழண்டு போகும்.” மறுநாள் என்னை, மகால் பக்கம் ‘பத்துத் தூண்’ என்கிற இடத்துக்கு அனுப்பினார், ‘அது கல்லு, தொட்டுப் பாரு’ என்று. அன்றைக்கும் நடக்கச் சொன்னால் முனகினார்தான். ஆனால் நான் வருகிற நேரத்துக்கு வாக்கரோடு திண்ணைவரை வந்திருந்தார்.

உங்க அம்மாவுக்கும் மாத்திரை, டாக்டர் தவிர வேறு பேச்சு வேண்டாமா? பார்த்ததைக் கொண்டுபோய்ச் சொல்லுங்க.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு மகால் நடக்கிற தூரம்தான். 1636இல் கட்டியதில் இப்போது நிற்பது ஏறக்குறைய கால்வாசி. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பிரித்தெடுத்தது போக, மிச்சத்தைப் பின்னாளில் வெள்ளைக்கார கவர்னர் நேப்பியர் பிரபு சீர்செய்ய வைத்தார். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள். பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்துக்குள் பத்துத் தூண். அரண்மனையில் மிஞ்சியதுதான் அதுவும். ஜட்டி, பனியன் தொங்குகிற கடைகளுக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்னொரு நாள் வீதிகளையே நடந்து பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதியில்! வெளி வீதி இருக்குமிடத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கவைத்தார். அந்த வேலை பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும்.

கிளம்பும் முன் சித்தியிடம் ஒரு வார்த்தை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டாம், சுகமாக இருக்கும், ஆனால் கால் நேராக நீளாமல் போய்விடும். பாசத்தில் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்க்கப் பார்ப்பார், விடாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ தைலமும் இல்லை, கஷாயமும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டாக இருக்கலாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

கேள்வி: இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரோடு நடக்கும் மாமனாரை முதல்முதலாக வெளியே எங்கே கூட்டிப்போகலாம்? மீனாட்சி அம்மன் கோயில் என்கிறார்.
- ஒரு மருமகள், அனுப்பானடி

பதில்: ஆத்தா கோவிச்சுக்க மாட்டாள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கல் தரை, வெறுங்கால், வாசலுக்கு வாசல் நிலைப்படி. சிந்திய எண்ணெய் வேறு.

உங்களுக்குப் பக்கத்திலேயே தெப்பக்குளம் இருக்கிறதே! மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். அவரைத்தான் பார்க்க முடியவில்லை, அவர் வந்த இடத்தையாவது பார்க்கட்டும். வெயில் தாழ்ந்ததும் போங்கள். சுற்றுச்சுவர் தாழ்வு, ‘காத்து வாங்குறேன்’ என்று அதில் உட்கார்ந்துவிடுவார். இடுப்பை விட முழங்கால் உயர்கிற மாதிரி உட்காரவே கூடாது. வீட்டிலிருந்து கை வைத்த உயரமான நாற்காலி ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.